ஹேக்கில் வழக்குப் போட குடும்பத்துக்கு ஐயாயிரம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் 2006-ல் கைக்குழந்தையாக இலங்கையிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தவர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மறுவாழ்வு முகாமில் வளர்ந்து, இப்போது பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறீர்கள். ஊரிலேயே தங்கிவிட்ட உங்கள் பெரியப்பா 2009 மே மாதம் முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்ததைப் பெரியம்மா கண்ணால் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு தகவலே இல்லை. இப்போது ஒருவர் முகாமுக்கு வந்து, குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார். மியான்மர்காரர்கள் மேல் வழக்கு நடக்கிறதே, நமக்கு மட்டும் ஏன் நடக்காது என்று அவர் கேட்டது உங்களுக்கும் நியாயமாகப் பட்டிருக்கிறது. நீங்கள் கேட்டது பணத்தைப் பற்றித்தான். ஆனால் இத்தனை வருடம் கழித்து எங்காவது ஒரு வாசல் திறந்திருக்கிறதா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டை கோர்ட்டில் பல வருடமாகக் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறவன். சர்வதேசச் சட்டம் முதுகலையில் படித்தது, அப்புறம் ஆர்வத்தில் தொடர்ந்து படிப்பது. முகாம் மக்களின் வழக்குகளும் அவ்வப்போது வரும். ஹேக்கில் நான் ஆஜரானதில்லை. இலங்கை நீதிமன்ற நடைமுறை பற்றி அங்கே தொழில் செய்யும் வக்கீல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்த நீதிமன்றத்தில் தனி ஆள் யாரும் வழக்குப் போட முடியாது. தகவல் அனுப்பலாம், அவ்வளவுதான். அதை யார் வேண்டுமானாலும் கடிதமாகவோ மின்னஞ்சலிலோ வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்கு அனுப்பலாம், பைசா கட்டணம் கிடையாது. விசாரணை தொடங்குவதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

அடுத்தது, ஏன் இலங்கை மேல் அங்கே வழக்கு இல்லை என்பது. இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி இது: 1998-ல் ரோம் நகரில் உருவான உடன்படிக்கை 2002 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எதையும் அந்த நீதிமன்றம் தொடாது. 1983 ஜூலைக் கலவரமோ, இந்திய அமைதிப்படை இருந்த 1987 முதல் 1990 வரையிலான காலமோ அங்கே போகவே போகாது. 2009 காலக்கணக்கில் உள்ளே வருகிறது. ஆனால் இலங்கை உறுப்பு நாடு இல்லை, இந்தியாவும் இல்லை. உறுப்பு இல்லாத நாட்டில் அதன் குடிமக்களே செய்ததை அங்கே கொண்டுபோக இரண்டு வழிதான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்று, அந்த நாடே முன்வந்து, இந்தத் தேதியிலிருந்து உங்கள் அதிகாரத்தை ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது. உக்ரைன் உறுப்பினர் ஆவதற்கு முன்பே 2014-லும் 2015-லும் அப்படிக் கொடுத்தது. கொழும்பில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதைச் செய்யும் என்று நான் நம்பவில்லை. இன்னொன்று, ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பி வைப்பது. சூடானின் டார்ஃபூரை 2005-லும் லிபியாவை 2011-லும் அனுப்பினார்கள். 2014 மே மாதம் சிரியாவை அனுப்பப் பார்த்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டுவிட்டன. இலங்கை விஷயம் அங்கே போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் உறுப்பு நாடு இல்லாத மியான்மர் எப்படி மாட்டியது? முகாமுக்கு வந்தவர் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்குள் ஓடினார்கள். வங்கதேசம் 2010 முதல் உறுப்பு நாடு. மக்களை வலுக்கட்டாயமாக நாட்டைவிட்டுத் துரத்துவது ஒரு குற்றம். துரத்தப்பட்டவன் எல்லையைத் தாண்டிக் காலை வைக்கும் இடத்தில்தான் அந்தக் குற்றம் முழுமையாகிறது, அந்த இடம் உறுப்பு நாட்டு மண், ஆகவே விசாரிக்கலாம் என்று 2018 செப்டம்பரில் நீதிபதிகள் சொன்னார்கள். 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. ஐந்து வருடம் கழித்து, 2024 நவம்பரில்தான் மியான்மர் இராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங்குக்குப் பிடியாணை கேட்டு வழக்குத்தொடுநர் மனுப் போட்டார்.

இதை உங்கள் குடும்பத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் பாக் நீரிணையைத் தாண்டிக் காலை வைத்தது ராமேஸ்வரத்தில். இந்தியா உறுப்பு நாடு இல்லாததால் அந்த வாதம் கரையிலேயே நின்றுவிடுகிறது. இதே துரத்தலில் லண்டனுக்கு ஓடியவர்களுக்கு வாதம் உயிரோடு இருக்கிறது, பிரிட்டன் உறுப்பு நாடு. அப்படி அங்கே போய்ச் சேர்ந்த தமிழர்கள் சார்பில் 2021-ல் ஒரு மனு அனுப்பினார்கள். அதன்மேல் விசாரணை திறக்கப்படவில்லை. எல்லை தாண்டியவுடன் அடுத்த நாடு என்பதும், விமானம் மாறி மாறிப் போய்ச் சேர்ந்த நாடு என்பதும் சட்டத்தில் ஒன்றுதானா என்பதில் வக்கீல்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் வாதம் மோசமில்லை, ஆனால் இதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

பிலிப்பைன்ஸ் கதை வேறு. அது 2011-ல் சேர்ந்து 2019 மார்ச்சில் விலகிய நாடு. உறுப்பினராக இருந்த காலத்தில் நடந்ததற்கு விலகிய பிறகும் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த விதிப்படிதான் முன்னாள் அதிபர் டுடெர்டேவை 2025 மார்ச் 11-ல் மணிலாவில் பிடித்து ஹேக்குக்கு விமானம் ஏற்றினார்கள். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகள் பற்றிய வழக்கு அது. அரசியல் காற்று மாறியதும் அவர் நாட்டு போலீசே பிடித்துக் கொடுத்தது. சட்டம் மட்டும் இருந்து பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஹேக் என்றாலே ஒரே நீதிமன்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இன்னொன்று இருக்கிறது, சர்வதேச நீதிமன்றம். அதில் நாடு நாட்டின் மேல்தான் வழக்குப் போட முடியும், ஆளைத் தண்டிக்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு நாடான காம்பியா, இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை வைத்து 2019 நவம்பரில் மியான்மர் மேல் வழக்குப் போட்டது. காம்பியாவுக்கு என்ன சம்பந்தம் என்று மியான்மர் எழுப்பிய ஆட்சேபத்தை 2022 ஜூலையில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். இலங்கையும் 1950-லேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுதான். ஆகவே வழி அடைபடவில்லை, நடக்க ஒரு நாடு முன்வரவில்லை. ஒருவேளை வந்தாலும், ஒரு இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும். கொலையை நிரூபிப்பதைவிட நோக்கத்தை நிரூபிப்பது எத்தனை மடங்கு கஷ்டம் என்பது செஷன்ஸ் கோர்ட் படி ஏறிய எவருக்கும் தெரியும். மேடையில் பேசுகிறவர்கள் இனப்படுகொலை என்ற இந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துத் தொங்குகிறார்கள். மனித குலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம் என்ற தலைப்புகளில் உங்கள் பெரியப்பா விஷயம் இன்னும் நேராகப் பொருந்தும். சரணடைந்த ஆளைக் காணாமல் ஆக்குவது அதில் தனிக் குற்றமாகவே இருக்கிறது.

எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது மற்ற நாடுகளின் சாதாரண நீதிமன்றங்கள். சில கொடுமைகளை எங்கே யார் செய்தாலும் நாங்கள் விசாரிப்போம் என்று சட்டம் வைத்திருக்கும் நாடுகள் உண்டு. ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நகர நீதிமன்றம் 2022 ஜனவரியில் சிரிய உளவுத்துறை அதிகாரி அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த ஆள் அகதியாக ஜெர்மனிக்குப் போய் உட்கார்ந்திருந்தவர். இதில் நிபந்தனையைக் கவனியுங்கள்: பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நாட்டு மண்ணில் இருக்க வேண்டும். இலங்கை முன்னாள் தளபதி ஜகத் ஜயசூரிய பிரேசிலில் தூதராக இருந்தபோது 2017-ல் அங்கே புகார் கொடுத்தார்கள். அவர் ஊர் திரும்பிவிட்டார். 2025 மார்ச்சில் பிரிட்டன் அவர் மேலும், முன்னாள் இராணுவத் தளபதி சவேந்திர சில்வா, முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னகொட, புலிகளிலிருந்து பிரிந்த கருணா ஆகியோர் மேலும் தடை விதித்தது. தடை என்பது பயணத்தையும் சொத்தையும் முடக்குவது. தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்தியாவில் முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். 1960-ம் வருட ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் என்று ஒன்று நம்மிடம் இருக்கிறது, வெளிநாட்டில் நடந்ததற்கும் பொருந்தும். ஆனால் அரசாங்கம் புகார் கொடுத்தால் ஒழிய எந்தக் கோர்ட்டும் அதைக் கையில் எடுக்க முடியாது. அதோடு அது முக்கியமாக நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போருக்கானது, உள்நாட்டுப் போரை அதில் அடைப்பது சிரமம். மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று நம் தண்டனைச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவே இல்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கொடுத்த டெல்லி உயர் நீதிமன்றம், இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் எழுதியது. அதற்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதா என்று புதிய தண்டனைச் சட்டமே வந்துவிட்டது, ஓட்டை அப்படியேதான் இருக்கிறது.

சரி, இலங்கைக்குள்ளேயே? விசாரணை ஆணையத்தையும் நீதிமன்றத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களை போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் விசாரித்து, பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்று அறிக்கை கொடுத்தது. ஏன் ஆற்றில் இறங்கினார்கள் என்று கொக்கிரகுளத்தில் இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆணையம் அறிக்கை எழுதும்; யாரையும் கூண்டில் ஏற்றாது. இலங்கையில் இந்த மாதிரி ஆணையங்களுக்குப் பஞ்சமே இல்லை. நீதிமன்றம் வரை போன அபூர்வ வழக்குகளில் ஒன்று மிருசுவில். 2000 டிசம்பரில் எட்டுப் பேரைக் கொன்றதற்காக ஒரு இராணுவச் சிப்பாய்க்கு 2015-ல் மரண தண்டனை விதித்தார்கள். 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச மன்னிப்புக் கொடுத்து அவரை வெளியே விட்டார். அதே சமயம் உங்கள் வழக்குக்கு நெருக்கமான ஒன்று சொல்கிறேன்: இறுதிப் போரில் சரணடைந்தவர்களின் குடும்பங்கள் போட்ட ஆட்கொணர்வு மனுக்கள் சிலவற்றில், அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தும்படி வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசம்பரில் இராணுவத்துக்கு உத்தரவிட்டது. ஆட்கள் திரும்பி வரவில்லை. ஆனால் இராணுவத்தின் கையில்தான் போனார்கள் என்று ஒரு நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. அந்தத் தாளின் மதிப்பு பெரியது. பெரியம்மா முல்லைத்தீவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த வழக்குகளை நடத்திய வக்கீல்களை அவர் பார்ப்பது நல்லது.

வருடக் கணக்கு உங்களைச் சோர்வடையச் செய்யும் என்று தெரியும். கம்போடியாவைப் பாருங்கள். கெமர் ரூஜ் ஆட்சி 1979 ஜனவரியில் விழுந்தது. துவோல் ஸ்லெங் சிறையை நடத்திய டச் என்பவருக்கு முதல் தீர்ப்பு வந்தது 2010-ல். முப்பது கோடி டாலருக்கு மேல் செலவழித்து அதற்கென அமைத்த தீர்ப்பாயம் மொத்தம் தண்டித்தது மூன்றே பேரை. அந்த ஆட்சியின் தலைவர் போல் பாட் அதற்கு எத்தனையோ முன்னால் 1998-லேயே செத்துவிட்டார். இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று எனக்கே மனம் மாறி மாறிச் சொல்லும். ஆனால் டச் எப்படி மாட்டினார் என்பதில் சந்தேகமில்லை. சிறையில் வாங்கிய வாக்குமூலங்களின் ஓரத்தில் அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் பத்திரமாக இருந்தன. கைதிகளை உள்ளே கொண்டுவந்ததும் எடுத்த புகைப்படங்கள் இருந்தன. நீதிமன்றம் என்று ஒன்று வருமா என்றே தெரியாத காலத்தில் சிலர் அவற்றைச் சேர்த்து அடுக்கி வைத்திருந்தார்கள். வங்கதேசத்துத் தீர்ப்பாயத்தைச் சிலர் முன்மாதிரியாகச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 1971 குற்றங்களுக்காக ஷேக் ஹசீனா அரசு 2010-ல் அமைத்த அதே தீர்ப்பாயம்தான் 2025 நவம்பரில் அவருக்கே, ஆள் இல்லாமல், மரண தண்டனை விதித்தது. யார் கையில் ஆட்சியோ அவர்கள் கையில் தீர்ப்பாயம் என்ற பேச்சு இரண்டு முறையும் எழுந்தது.

ஆகவே நீங்கள் இப்போது செய்யக்கூடியது, என்றாவது ஒரு கோர்ட் வந்தால் நிற்கும்படி சாட்சியத்தைக் காப்பது. இது நான் தினமும் செய்யும் வேலை, இங்கே எனக்குத் தயக்கமில்லை. சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் அப்பாவும் மகனும் போலீஸ் அடித்து இறந்த வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டேஷனில் கேமரா இருந்தது, ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரித்த மாஜிஸ்திரேட் எழுதினார். அன்று அங்கே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் வாய் திறந்து சொன்னதால்தான் வழக்கு நின்றது. எதிர்த்தரப்பு எப்போதும் அழிக்கும். நம் தரப்பில் கவனக்குறைவால் அழிவதையாவது தடுக்கலாம்.

பெரியம்மா பார்த்ததை அவர் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். என்ன தேதி, காலையா மாலையா, பக்கத்தில் யார் நின்றது, பெரியப்பா என்ன உடுத்தியிருந்தார், எந்த வண்டியில் ஏற்றினார்கள், சீருடை என்ன நிறம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதட்டும். கேள்விப்பட்டதைத் தனித் தாளில் எழுதட்டும், பார்த்ததோடு கலக்கக் கூடாது. நாலு பேர் உட்கார்ந்து பேசிச் சேர்த்து எழுதிய வாக்குமூலத்தைக் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடத்தில் கிழித்துவிடலாம், நானே கிழித்திருக்கிறேன். வருகிற நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் புதுசு புதுசாகக் கதை சொல்லவும் வேண்டாம். ஒரு முறை ஒழுங்காகக் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து இடத்தில் ஐந்து விதமாக இருந்தால், சின்ன முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் பொய் என்பார்கள்.

பழைய போட்டோக்களை லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் எழுதியிருப்பதையும் சேர்த்து ஸ்கேன் எடுங்கள். பழைய போனில் படம், வீடியோ இருந்தால் அந்தப் போனையே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எப்போது எங்கே எடுத்தது என்ற உள் தகவல் போய்விடும். இந்தியக் கோர்ட்டிலேயே இப்போது சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவு செல்லாது. இலங்கையின் காணாமற்போனோர் அலுவலகத்தில் பதிந்த எண், செஞ்சிலுவைச் சங்கத்தில் கொடுத்த விவரம், போலீஸ் புகார் ரசீது எல்லாவற்றுக்கும் ஒரு செட் நகல் உங்களிடம் இருக்கட்டும். மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று யாராவது வற்புறுத்தினால், ஆள் காணவில்லை என்பதற்கே சான்றிதழ் கொடுக்க 2016-ல் அங்கே சட்டம் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். மணிலாவில் டுடெர்டே காலத்தில் கொல்லப்பட்டு, சவக்குழிக் குத்தகை முடிந்தவர்களின் உடல்களைத் தோண்டி எடுத்து ராக்கெல் ஃபோர்டுன் என்ற தடயவியல் மருத்துவர் பார்த்தபோது, இயற்கை மரணம் என்று சான்றிதழ் எழுதப்பட்ட சிலரின் எலும்பில் குண்டு பாய்ந்த அடையாளம் இருந்தது. சான்றிதழில் எழுதப்படும் காரணத்தை ஒருமுறை ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்னால் மறுப்பது கடினம்.

தகவலை இலவசமாக அனுப்ப இரண்டு இடம் உண்டு. ஒன்று, பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான ஐ.நா. செயற்குழு. இலங்கையிலிருந்து முடிவு காணாமல் 6,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் பதிவேட்டில் இருக்கின்றன. இன்னொன்று, 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானப்படி ஜெனீவாவில் இலங்கைக்காகவே சாட்சியம் சேகரிக்கும் பிரிவு. இரண்டுமே கோர்ட் இல்லை, தீர்ப்பு வராது. என்றாவது ஏதோ ஒரு நாட்டு வழக்குத்தொடுநர் கேட்டால் எடுத்துக் கொடுக்கச் சேர்த்து வைக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. வாக்குமூலம் எழுதும்போது புலிகள் செய்ததை மறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கை, கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைப் பதிவு செய்தது. அதே அறிக்கைதான் தப்பி ஓடியவர்களைப் புலிகள் சுட்டதையும் சிறுவர்களைப் பிடித்துப் படையில் சேர்த்ததையும் எழுதியது. பாதியை மறைத்த சாட்சி மீதியையும் இழப்பார். அடுத்தது, முகாமில் இருக்கிறவர்களுக்கு, முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸ் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் மேல் பயம் இருக்கும், அது நியாயமான பயம்தான். ஐ.நா.வுக்குக் காணாமற்போனவரைப் பற்றி எழுதுவது குற்றம் இல்லை. ஆனால் புலிகள் இயக்கம் இங்கே தடை செய்யப்பட்டது. ஆகவே பழைய பெட்டியில் இயக்கம் சம்பந்தப்பட்ட படமோ தாளோ கிடந்தால், எதையும் அனுப்பும் முன்னால் ஒரு வக்கீலிடம் நேரில் காட்டுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் இலவசமாகவே வக்கீல் தருவார்கள்.

கடைசியாக உங்கள் அப்பம்மா. முகாமில் உங்களோடுதான் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழியை 2025-ல் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. கூடக் கிடைத்த பொருட்களை, யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று மக்களுக்குக் காட்சிக்கு வைத்தார்கள். வன்னியில் நாளை எந்தக் குழி திறந்தாலும் ஆளைச் சொல்ல மரபணு வேண்டும், அதற்குப் பெற்ற தாயின் மாதிரி பெரிதும் உதவும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அப்பம்மாவின் மாதிரியையும் உங்கள் அப்பாவின் மாதிரியையும் எடுத்து, அறிக்கையை வாங்கி வையுங்கள். அவர் மறுத்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். சம்மதித்தால், போகும்போது அடையாள அட்டை அசலை எடுத்துப் போங்கள், மாதிரி யாருடையது என்பதற்கு ஆய்வகம் எழுதித் தரும் தாளில் சாட்சிக் கையெழுத்து இரண்டு இருக்கட்டும். ஐயாயிரத்தைச் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் இதற்குச் செலவழியுங்கள்.